வால்வு ப்ரீஆம்ப், வால்வு பஃபர்: காது சொன்னதும் மீட்டர் சொன்னதும்

வீட்டு ஸ்டீரியோவில் ஒரு வால்வைச் சேர்த்தால் பாட்டு இதமாகிவிடும் என்று பலரும் சொல்வார்கள். எனக்கும் அந்த ஆசை ரொம்ப நாளா உண்டு. கடைசியில் 12ஏயு7 வால்வு போட்ட ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி, பழைய பாசிவ் வால்யூம் பெட்டி இருந்த இடத்தில் வைத்தேன். முதல் பாட்டிலேயே அசந்துட்டேன். வயலின் முன்னால் வந்தது, மிருதங்கம் கனத்தது. கொடுத்த காசு வீண் போகலைன்னு நிம்மதி.

மறுநாள்தான் சந்தேகம் வந்தது. ப்ரீஆம்ப் சிக்னலைப் பெருக்குகிறது. பாட்டு கொஞ்சம் கூடுதல் சத்தத்தில் ஓடியிருக்குமோ? ஒரு டெசிபெல் கூடினாலே காது அதைச் "சத்தம் கூடிடுச்சு"ன்னு சொல்லாது, "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லும். அதனால் 200 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, இரண்டு பெட்டிகளின் அளவையும் 1 சதவீதத்துக்குள் சமமாக்கினேன். (சாதாரண மீட்டர்கள் பல, உயர்ந்த அலைவரிசையில் ஏசி வோல்ட்டைச் சரியாகக் காட்டாது. அதனால்தான் 200.) பிறகு நான் பார்க்காதபடி பையனை மாற்றி மாற்றி இணைக்கச் சொன்னேன். பத்துக்கு ஆறுதான் சரி. காசு சுண்டிப் போட்டாலும் அவ்வளவு வரும். முகம் சுருங்கிப் போச்சு.

அடுத்து, நண்பர் ஒருவரின் வால்வு பஃபர். அதிலும் அதே 12ஏயு7தான், ஆனால் வேலை வேறு. கேத்தோடிலிருந்து சிக்னலை எடுப்பதால் அது பெருக்காது. உள்ளே போனதைவிடத் துளி குறைவாகவே வெளியே வரும். இந்த முறை பவர் ஆம்ப்பை ஸ்பீக்கர் பக்கம் நகர்த்தி, 5 மீட்டர் கேபிள் போட்டிருந்தேன். பாசிவ் பெட்டியை மட்டும் வைத்து ஒரு தடவை, அதற்குப் பின்னால் பஃபரைச் சேர்த்து ஒரு தடவை. அளவைச் சமமாக்கிய பிறகும் பத்துக்கு ஒன்பது சரியாகச் சொன்னேன்! பஃபர் இருந்தால் கஞ்சிராவின் சலங்கை தெளிவா கேட்டது.

ஏன்? கணக்குப் போட்டால் புரியும். பெட்டியில் இருப்பது 100 கிலோஓம் வால்யூம் கண்ட்ரோல். பாதி அளவில் வைத்தால் அதன் வெளியீட்டு மின்தடை 25 கிலோஓம். ஆம்ப்பின் 100 கிலோஓமையும் சேர்த்தால் 20 கிலோஓம். கேபிளோ மீட்டருக்கு 130 பிகோஃபாரட். 5 மீட்டருக்கு 650. இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு ஃபில்டர் ஆகிவிடும்: 12 கிலோஹெர்ட்ஸிலேயே 3 டெசிபெல் போயிடும். பஃபரின் வெளியீட்டு மின்தடை சில நூறு ஓம்தான். அதோடு சேர்த்தால் அதே கேபிளின் எல்லை, காதுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடுகிறது.

சரிபார்க்க, ஆம்ப்பைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து 1 மீட்டர் கேபிள் போட்டேன். வித்தியாசம் காணாமல் போச்சு. ஆக, குணமாக்கியது வால்வின் மாயம் இல்லை, குறைந்த மின்தடை. சின்ன ஆப்ஆம்ப் ஒன்றும் இதே வேலையைச் செய்திருக்கும். இரண்டாம் ஹார்மோனிக்கை வேண்டுமென்றே கூட்டி வைத்த வால்வு டிசைன்கள் உண்டு. அவற்றின் நிறம் காதுக்குத் தெரியலாம். அது வேறு கதை.

வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்க: கேபிள் எவ்வளவு நீளம்? வால்யூம் கண்ட்ரோல் எத்தனை கிலோஓம்? சத்தத்தைச் சமமாக்கித்தான் கேட்டீங்களா?

பஃபரைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ப்ரீஆம்ப் இன்னும் அலமாரியில்தான் இருக்கு. ராத்திரியில் அந்த ஆரஞ்சு வெளிச்சம் அழகு. அதுக்குத்தான் காசு கொடுத்தேன்னு இப்போ ஒத்துக்கறேன்.