சமதரையில் உண்மை சொல்லாத கிளச்

ஓமந்தை என்றதும் நம்மவர்க்கு நினைவுக்கு வருவது சோதனைச் சாவடியே. 2002ஆம் ஆண்டில் ஏ-9 பாதை திறக்கப்பட்ட பின்னர், அங்கே வரிசையில் நின்று ஆசனத்தின் அடிவரை வண்டியைச் சோதிக்கக் கொடுத்தவர் பலர். அதே ஓமந்தையில் நாம் எமது முதற் காரை யாதொரு சோதனையுமின்றி வாங்கினோம் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பழைய கார், கடன்பட்டே வாங்கினோம். பூச்சைப் பார்த்தோம், ரயரைத் தட்டினோம், புளியங்குளம் வரை ஓட்டியும் பார்த்தோம். வண்டி அன்னம்போற் சென்றது. இரண்டு மாதங் கழித்து, மகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் சேர்ப்பதற்காக அதே பாதையில் தெற்கே புறப்பட்டோம். மாத்தளையைத் தாண்டிக் கண்டி நோக்கி ஏறுகையில் இயந்திரம் உறுமிற்று. வண்டியோ நகர மறுத்தது. கருகல் நாற்றம் வேறு. மகள் தன் பெட்டியுடன் பஸ் ஏறினாள். நாம் கராஜ் தேடிப் போனோம்.

"மட்ட ரோட்டுல கிளச் உண்மை சொல்லாது, சேர். வாங்குறப்பவே தேஞ்சிருக்கும்" என்றார் அங்கிருந்த மிக்கானிக்.

இயந்திரத்தின் சுழற்சியைக் கியர்ப் பெட்டிக்குக் கொண்டுசெல்வது கிளச் தட்டின் பிடிமானமே. தட்டின் மேலுறை தேய்ந்தால் பிடி வழுக்கும். பாரமில்லாத சமதரையில் அந்த வழுக்கல் வெளிப்படாது. வன்னியிலோ குளக்கட்டை விட்டால் ஏற்றமேது? ஆகவே பாரத்தை நாமே உண்டாக்க வேண்டும். முன்னால் ஒருவரும் நில்லாதபடி பார்த்து, ஹான்ட் பிரேக்கை இறுக இழுத்து, மூன்றாம் கியரில் இட்டுக் கிளச்சை மெல்ல விடுக. இயந்திரம் திணறி உடனே நின்றுவிட வேண்டும். நில்லாது சுழன்றுகொண்டிருந்தால் தட்டு தேய்ந்ததென்று கொள்க. ஒரு தரம் போதும். திரும்பத் திரும்பச் செய்தால் நல்ல தட்டும் கருகும். பாதையிலும் ஒரு வழியுண்டு. உயர்ந்த கியரில் மெதுவாகச் செல்லும்போது அக்சிலேற்றரை அழுத்தினால், இரைச்சல் ஏறும் அளவுக்கு வேகமும் ஏறுகிறதா என்று கவனித்தல் வேண்டும்.

மிதி மிக மேலே வந்த பின்பே வண்டி நகர்வதும் தேய்வின் குறியென்பர். ஆயினும் கேபிளைத் திருத்தி அதை மறைத்துவிடலாம். அதை மட்டும் நம்பலாகாது. மிதியை அழுத்தும்போது கரகரத்தால் பெயரிங்கிலும், ரிவேர்ஸ் கியர் உராய்ந்து விழுந்தால் கிளச் முற்றாக விலகாமையிலும் ஐயங் கொள்ளலாம்.

அண்மையில் எம் பழைய மாணவரொருவர் தம் முதற் காரைப் பார்க்க எம்மை அழைத்துப் போனார். அதுவும் ஓமந்தையிலேயே! விற்பவர் முதியவர், வண்டியைக் கண்ணாடிபோல் துடைத்து வைத்திருந்தார். ஹான்ட் பிரேக்கை இழுத்துக் கிளச்சை விட்டோம். இயந்திரம் நிற்கவில்லை.

முதியவரின் முகம் வாடிற்று. "ஓடேக்கை ஒண்டும் தெரியேல்லை, மாஸ்ரர்" என்றார். பொய்யென்று எமக்குத் தோன்றவில்லை, எமக்குந்தான் தெரியாதிருந்ததே! தேநீர் வந்தது. கிளச் செட்டின் விலையையும், கியர்ப் பெட்டியை இறக்கி ஏற்றும் கூலியையும் ஒரு கடதாசியிற் கூட்டி, அத்தொகையைக் கழித்து விலை பேசி முடித்தோம்.