அனுப்பும் முன் ஒரு நொடி!

எங்கள் ஊர் கங்கைகொண்ட சோழபுரம். மாலை நேரங்களில் கோயில் புல்வெளியில் பிள்ளைகள் ஓடி விளையாடுவார்கள். சில மாதங்களுக்கு முன், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அங்கே கால் தடுக்கிக் குப்புற விழுந்தான். தூக்கிவிட வேண்டிய நண்பனோ, அண்ணனின் செல்போனில் படம் பிடித்தான். அதோடு விட்டானா? ஒரு பட்டப்பெயரையும் சேர்த்து, வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான்!

நான் படித்த காலத்திலும் கேலி உண்டு. சுவரில் கரிக்கட்டியால் பட்டப்பெயர் எழுதுவார்கள். எனக்கும் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல மாட்டேன்! ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் போயிற்று. வீட்டுக்கு வந்துவிட்டால் கேலி பின்னால் வராது. செல்போன் கேலியோ, சோறு தின்னும்போதும், பாயில் படுத்த பிறகும், 'டிங்' என்று வந்து நிற்கும். விழுந்த பையன் நான்கு நாள் பள்ளிக்கே போகவில்லை.

இதே கவலை, அமெரிக்காவில் நேப்பர்வில் என்ற ஊரில் இருந்த திரிஷா பிரபுவுக்கும் வந்தது. இந்திய வம்சாவளிச் சிறுமி. 2013ல், இணையக் கேலிக்கு ஆளான ஒரு சிறுமி இறந்துபோன செய்தியைப் படித்தாள். அப்போது திரிஷாவுக்கு வயது 13தான். 'கேலி பரவிய பிறகு தடுப்பதைவிட, அனுப்பும் முன்பே தடுத்தால் என்ன?' என்று யோசித்து, 'ரீதிங்க்' என்ற மென்பொருளை உருவாக்கினாள்.

மனதைப் புண்படுத்தும் சொல்லைத் தட்டினால், 'இதை அனுப்பத்தான் வேண்டுமா?' என்று அது கேட்கும். அவ்வளவுதான்! அபராதம் கிடையாது, திட்டும் கிடையாது. அவள் சோதித்துப் பார்த்ததில், 100க்கு 93 தடவைக்கு மேல் பிள்ளைகள் மனம் மாறினார்கள். 2014ல் கூகுள் அறிவியல் கண்காட்சியின் இறுதிச் சுற்றுக்கும் தேர்வானாள். நிதானமாக முடிவெடுக்க உதவும் மூளையின் முன்பகுதி, சுமார் 25 வயது வரை வளர்ந்துகொண்டே இருக்குமாம். அவசரத்துக்கு அதுவும் ஒரு காரணம்!

உங்களை யாராவது இப்படிக் கேலி செய்தால், பதில் திட்டாதீர்கள். அந்தச் செய்தியை அழிக்கவும் வேண்டாம், அதுதான் சாட்சி. அப்பா, அம்மாவிடமோ, ஆசிரியரிடமோ காட்டுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம்.

எங்கள் ஊர்ப் பையன் என்ன ஆனான் என்கிறீர்களா? படம் எடுத்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "அப்பவே அழிச்சிட்டேன் சார்" என்றான். ஆனால், அதற்குள் படம் ஜெயங்கொண்டம் டியூஷன் பிள்ளைகள் வரை போயிருந்தது. விழுந்தவன் வீட்டுக்கு அவனை அழைத்துப் போனேன். வாசலில் இருவரும் வெகுநேரம் பேசவே இல்லை. கடைசியில், "ஒவ்வொருத்தன்கிட்டயும் நானே போய் அழிக்கச் சொல்றேன்டா" என்றான்.

அந்தச் சனிக்கிழமை, இருவரும் ஒரே சைக்கிளில் ஜெயங்கொண்டம் சாலையில் போவதைப் பார்த்தேன்.