ஒரு மாலை இன்னொரு மால் தின்ற கதை

யூடியூபில் 'செத்த மால்' வீடியோக்கள் என்று ஒரு தனி வகையே இருக்கிறது. நீங்களும் ஒன்றிரண்டு பார்த்திருப்பீர்கள். ஓடாத எஸ்கலேட்டர், வறண்டுபோன நீரூற்று, கூரைக் கண்ணாடி உடைந்த இடத்தில் முளைத்திருக்கும் செடி, பின்னணியில் எதிரொலியோடு ஒரு எண்பதுகளின் பாட்டு. கீழே கமெண்டில் தவறாமல் ஒருவர் எழுதியிருப்பார், அமேசான் வந்தது, மால் செத்தது என்று.

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். அமெரிக்கப் புறநகர் மால்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகப் படித்துக்கொண்டிருந்ததில், அந்த விளக்கம் பாதிகூடத் தேறாது என்று தோன்றுகிறது. முதலில் தேதிகளே ஒத்துவரவில்லை. சிகாகோவுக்குத் தெற்கே ஹார்வி என்ற ஊரில் டிக்ஸி ஸ்குவேர் என்றொரு மால். 1966இல் திறந்து 1978இல் மூடிவிட்டார்கள். 'தி ப்ளூஸ் பிரதர்ஸ்' படத்தில் போலீஸ் கார்கள் கடைகளுக்குள்ளேயே புகுந்து துரத்துமே, அந்தக் காட்சியை எடுத்தது இந்தக் காலி மாலில்தான். அமேசான் முதல் புத்தகத்தை விற்றது 1995இல். 2010இல்கூட அமெரிக்கச் சில்லறை விற்பனையில் இணையத்தின் பங்கு 5 சதவீதத்துக்கும் குறைவு. அதற்குள் எத்தனையோ மால்கள் போய்ச்சேர்ந்திருந்தன.

அப்படின்னா வேறு என்ன நடந்தது? ஒரே ஒரு மாலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். (தமிழில் இது ஒரு தொல்லை. 'மாலை' பொழுதா, பூவா, கட்டடமா என்று வாசிப்பவர்தான் முடிவு செய்யணும். பொறுத்துக்கொள்ளுங்கள்.) நான் எடுத்துக்கொள்வது டெட்ராய்ட் நகருக்கு வெளியே இருந்த நார்த்லாண்ட்.

டெட்ராய்ட்டின் நடுவே, உட்வர்ட் அவென்யூவில், ஒரு முழு பிளாக்கை அடைத்துக்கொண்டு 25 மாடி உயரத்துக்கு நின்றது ஹட்சன்ஸ் என்ற டிபார்ட்மென்ட் ஸ்டோர். பல தலைமுறைக்கு 'டவுனுக்குப் போறோம்' என்றால் ஹட்சன்ஸுக்குப் போகிறோம் என்றுதான் அர்த்தம். 1950 கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 18.5 லட்சம். அதுதான் உச்சம். போருக்குப் பிறகு எல்லோரும் கார் வாங்கினார்கள், வெளியே வீடு கட்டிப் போக ஆரம்பித்தார்கள். எல்லோரும் என்று சொன்னது தப்பு. கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளுக்கு வீட்டுக்கடன் உத்தரவாதம் தர அரசு வீட்டுவசதி அமைப்பே மறுத்த காலம் அது. புறநகர்களில் அவர்களுக்கு வீடு விற்கவும் மாட்டார்கள். ஆக, நகர எல்லையான எட்டு மைல் சாலையைத் தாண்டிப் போனவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கம் போகவே ஹட்சன்ஸும் பின்னாலேயே போனது.

அதற்குக் கட்டடம் வரைந்து கொடுத்தவர் விக்டர் க்ரூன். 1903இல் வியன்னாவில் பிறந்த யூதர். 1938இல் நாஜிகள் ஆஸ்திரியாவைப் பிடித்தபோது தப்பித்து அமெரிக்கா வந்தவர். வியன்னாவின் காபிக்கடைகளும் சதுக்கங்களும் அவர் மனதில் இருந்தன. அமெரிக்கப் புறநகரில் அவர் பார்த்தது சாலையோரம் வரிசையாகக் கடை, கடைக்கு முன்னால் கார். நடக்க இடமில்லை, உட்கார்ந்து பேச இடமில்லை. கார்களை வெளியே நிறுத்திவிட்டு, உள்ளே மனிதர்கள் மட்டும் நடக்கும் ஒரு ஊர்ச் சதுக்கத்தைக் கட்டிவிட்டால் என்ன என்பது அவர் யோசனை.

எட்டு மைல் சாலைக்குச் சற்று வடக்கே, சவுத்ஃபீல்டில், 1954 மார்ச்சில் நார்த்லாண்ட் திறந்தது. நடுவில் ஹட்சன்ஸின் பெரிய கிளை, அதைச் சுற்றிச் சின்னக் கடைகள், இடையிடையே தோட்டங்கள், சிற்பங்கள், கூட்டம் நடத்த அறைகள். கூரை கிடையாது, திறந்தவெளிதான். (முழுக்க மூடிய முதல் மாலும் க்ரூனுடையதே: மினியாபொலிஸ் அருகே எடைனாவில் 1956இல் திறந்த சவுத்டேல். அந்த ஊர்க் குளிரில் மூடாமல் முடியாது.) நார்த்லாண்டில் மார்ஷல் ஃப்ரெடெரிக்ஸ் என்ற சிற்பி செய்த சுண்ணாம்புக்கல் கரடி ஒன்று இருந்தது, முதுகில் பொன்முலாம் பூசிய ஒரு பையனோடு. அதில் ஏறி விளையாடாத குழந்தை அந்த வட்டாரத்தில் குறைவு.

இதுவரை நல்ல கதைதான். நடுநகர ஹட்சன்ஸின் வியாபாரம் ஆண்டுக்காண்டு தேய்ந்தது. 1983 ஜனவரியில் அதை மூடினார்கள், 1998இல் வெடிவைத்துத் தகர்த்தார்கள். புறநகர்க் கிளை தாய்க்கடையைத் தின்றுவிட்டது. ஆனால் கதை அதோடு நிற்கவில்லை. நார்த்லாண்டையும் தின்ன ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

இங்கே கொஞ்சம் வருமான வரி பேச வேண்டியிருக்கிறது. சலிப்பான விஷயம்தான், ஆனால் இது இல்லாமல் கதை புரியாது.

ஒரு வணிகக் கட்டடம் வருடா வருடம் தேய்கிறது என்று சொல்லி, அந்தத் தேய்மானத்தை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். கட்டடத்தின் ஆயுள் 40 வருடம் என்றால் வருடத்துக்கு நாற்பதில் ஒரு பங்கு. 1954இல் அமெரிக்க வரிச்சட்டத்தைத் திருத்தியபோது, புதிதாகக் கட்டுபவர்கள் ஆரம்ப வருடங்களில் இரண்டு மடங்கு வேகத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். 40 லட்சம் டாலர் கட்டடம் என்று வையுங்கள். பழைய முறையில் வருடத்துக்கு 1 லட்சம். புதிய முறையில் முதல் வருடம் 2 லட்சம், அடுத்த வருடம் மீதி 38 லட்சத்தில் 5 சதவீதம், அதாவது 1.9 லட்சம், இப்படிப் போகும். மால் நிஜத்தில் 1.5 லட்சம் லாபம் ஈட்டியிருந்தாலும் கணக்கில் 50 ஆயிரம் நட்டம்! அந்த நட்டத்தை முதலீட்டாளர் தன் மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். சில வருடத்தில் சலுகை கரைந்துவிடும். அப்போது விற்றுவிட்டு வேறு இடத்தில் புதிதாகக் கட்டு.

இன்னொரு நுணுக்கம்: நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது. எனவே மொத்தச் செலவில் நிலத்தின் பங்கு குறைவாக இருக்குமிடம், அதாவது மலிவான வயல்காடு, கட்டுவதற்கு லாபம். பழைய கடைத்தெருவைப் புதுப்பித்தால் இந்த முழுச் சலுகை இல்லை. 1950களின் பிற்பாதியில் ஷாப்பிங் சென்டர்கள் ஏன் திடீரென்று பெருகின என்பதற்கு இந்தச் சட்டத்தைக் காரணமாகக் காட்டி வரலாற்றாசிரியர் தாமஸ் ஹான்செட் 1996இல் ஒரு கட்டுரை எழுதினார். மால் வரலாறு பேசுபவர்கள் இன்றும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1981இல் இன்னும் தாராளமாக, 15 வருடத்திலேயே முழுக் கட்டடத்தையும் கழிக்க விட்டார்கள். 1986இல்தான் கடிவாளம் போட்டார்கள்.

சுருக்கமாகச் சொன்னால், ஆட்கள் வாங்க வருவார்களா என்று பார்த்து மட்டும் மால் கட்டவில்லை. கட்டுவதே லாபமாக இருந்ததால் கட்டினார்கள். டெட்ராய்ட் வட்டாரத்தில் இதன் விளைவு கண்கூடு. ஈஸ்ட்லாண்ட் 1957, வெஸ்ட்லாண்ட் 1965, ஓக்லாண்ட் மால் 1968. பிறகு ஃபேர்லேன், லேக்சைடு இரண்டும் 1976இல், ட்வெல்வ் ஓக்ஸ் 1977இல். ஒவ்வொன்றும் புதுப் பெருஞ்சாலையின் ஓரத்தில், பல சமயம் முந்தையதைவிட இன்னும் வெளியே. தென்கிழக்கு மிச்சிகனின் மொத்த மக்கள்தொகையோ 1970இல் சுமார் 47 லட்சம், 2010இலும் சுமார் 47 லட்சம். அதே ஜனம், அதே பர்ஸ், கடை மட்டும் மூன்று நான்கு மடங்கு. 2010களில் பரவலாகச் சொல்லப்பட்ட ஒரு கணக்கின்படி அமெரிக்காவில் ஆளுக்கு 23 சதுர அடிக்கு மேல் கடைப்பரப்பு இருந்தது. கனடாவில் 16, ஆஸ்திரேலியாவில் 11. இணையமே வந்திருக்காவிட்டாலும் இதில் பாதி எப்படித் தாங்கியிருக்கும்?

சரி, ஒரு மால் எப்படிச் சாகிறது? மெதுவாக இல்லை. வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாதது போல இருந்துவிட்டுத் திடீரென்று சரியும். காரணம் வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறது. மாலின் இரண்டு மூன்று மூலைகளில் நிற்கும் பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள்தான் கூட்டத்தை இழுப்பவை. அதனால் அவற்றுக்கு வாடகை மிகக் குறைவு, பல மால்களில் வாடகையே கிடையாது, கட்டடமே அவர்களுடையதாக இருக்கும். உண்மையில் மாலை நடத்தும் பணம் நடுவிலுள்ள செருப்புக்கடை, நகைக்கடை, பிரெட்ஸல் கடைகளின் வாடகையில் இருந்து வருகிறது. இந்தச் சின்னக் கடைக்காரர்கள் விவரமானவர்கள். மூலையிலுள்ள பெரிய கடை மூடினால் எங்கள் வாடகை பாதியாகும், அல்லது நாங்கள் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்று எழுதி வாங்கியிருப்பார்கள். எனவே வாடகையே தராத ஒரு கடை போனதும், வாடகை தரும் ஐம்பது கடைகளின் வருமானம் ஆட்டம் காண்கிறது. காசு குறைந்தால் ஏசி குறையும், காவல் குறையும், விளக்கு எரியாது. அதைப் பார்த்து அடுத்த பெரிய கடை கிளம்பும். வெளியில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஊரே கெட்டுப்போய்விட்டது போலத் தெரியும்.

யார் வந்தார்கள் என்பதும் இதே கணக்கில் சேர்ந்தது. எட்டு மைல் சாலைக்கு வடக்கேயும் பிறகு கறுப்பின நடுத்தர வர்க்கம் குடியேறியது. 2010இல் சவுத்ஃபீல்டின் மக்களில் 70 சதவீதம் அவர்கள். ஆசிரியர்கள், கார் கம்பெனி ஊழியர்கள், கையில் காசு உள்ளவர்கள்தான். ஆனால் வெள்ளை வாடிக்கையாளர்கள் ட்ராய்க்கும் நோவைக்கும் நகர, பெரிய கடைகளும் நகர்ந்தன. நார்த்லாண்டுக்குப் போவோர் எண்ணிக்கையைவிட, போவது யார் என்பதைப் பார்த்து மாலின் தரத்தை முடிவு செய்தார்கள் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

சதுக்கம் என்று க்ரூன் கனவு கண்ட இடம் சட்டப்படி தனியார் இடம். யாரை உள்ளே விடுவது என்று உரிமையாளர் முடிவு செய்யலாம். இதன் கொடூரமான உதாரணம் நியூயார்க் மாநிலத்தில், பஃபலோ அருகே நடந்தது. அங்குள்ள வால்டன் கலேரியா மாலுக்குள் நகரின் கறுப்பினப் பகுதியில் இருந்து வரும் 6ஆம் எண் பேருந்து நிற்க அனுமதி இல்லை. வேறு ஊர்களின் சுற்றுலாப் பேருந்துகள் வரலாம். 1995 டிசம்பரில், மாலின் உணவுக்கூடத்தில் வேலை பார்த்த 17 வயதுப் பெண் அந்தப் பேருந்தில் இருந்து இறங்கி, நடைபாதை இல்லாத ஏழு தட சாலையைக் கடக்கும்போது லாரி மோதி, சில வாரங்களில் இறந்துபோனார். வழக்கு 1999இல் 25.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது. அந்தப் பெண் அங்கே பொருள் வாங்கப் போகவில்லை, பொருள் விற்கப் போனவர். பேருந்தை அந்த விபத்துக்குப் பிறகுதான் உள்ளே விட்டார்கள்.

மினசோட்டாவின் பிரம்மாண்டமான மால் ஆஃப் அமெரிக்கா 1996இல் ஒரு விதி கொண்டுவந்தது: வெள்ளி, சனி இரவுகளில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் வரக்கூடாது. பிறகு பல மால்கள் இதைப் பின்பற்றின. பசங்க வாங்குவது ஒரு கோக்கும் பிரெட்ஸலும், உட்காருவது நாலு மணி நேரம். கணக்குப் பார்த்தால் நஷ்டம்தான். ஆனால் அங்கே வளர்ந்தவர்கள்தான் பெரியவர்களான பிறகும் பழக்கத்தில் மாலுக்கு வந்தவர்கள் என்பதை யாரும் கணக்கில் எழுதவில்லை போல.

நம்ம ஊர் வாசகர்களுக்கு ஸ்பென்சர் பிளாசா ஞாபகம் வரலாம். அது நகரின் நடுவே, அண்ணா சாலையிலேயே இருப்பது, அதனால் கதை வேறு. இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

நார்த்லாண்டின் முடிவு 2015இல் வந்தது. இதில் ஒரு வேடிக்கை. ஹட்சன்ஸ் 1969இல் மினியாபொலிஸின் டேட்டனுடன், அதாவது சவுத்டேலைக் கட்டியவர்களுடன் இணைந்தது. அந்தக் கம்பெனியின் மலிவு விலைக் கடைகள் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாக வளர்ந்து, 2000இல் கம்பெனியின் பெயரே டார்கெட் என்று மாறியது. டிபார்ட்மென்ட் ஸ்டோர்களை விற்றுவிட்டார்கள். நார்த்லாண்டின் பழைய ஹட்சன்ஸ் கட்டடம் மேசீஸ் கைக்குப் போனது. 2015 தொடக்கத்தில் நார்த்லாண்டில் இருந்த டார்கெட் கடை மூடியது, மார்ச்சில் மேசீஸ் மூடியது. மாலைக் கட்டிய கம்பெனியின் வாரிசும், அந்தக் கட்டடத்தை வாங்கியவரும் ஒரே குளிர்காலத்தில் கிளம்பினார்கள். அடுத்த சில வாரங்களில் மால் முழுவதுமே பூட்டப்பட்டது.

சின்னக் கடைக்காரர்களுக்குக் காலி செய்யக் கிடைத்தது சொற்ப அவகாசம். தினமும் காலையில் கதகதப்பான கூரைக்கு அடியில் நாலு சுற்று நடந்துவிட்டுப் போகும் வயதானவர்கள் என்று ஒரு கூட்டம் அமெரிக்க மால்கள் எல்லாவற்றிலும் உண்டு. ஒன்றும் வாங்காதவர்கள். க்ரூனின் சதுக்கத்தைச் சதுக்கமாகவே பயன்படுத்தியவர்கள் அவர்கள் மட்டும்தான்.

க்ரூன் இதையெல்லாம் பார்க்க இல்லை. அவர் 1968இல் வியன்னாவுக்கே திரும்பி, 1980இல் இறந்துவிட்டார். இறப்பதற்கு முன்பே மால்களைத் தன் பிள்ளைகள் என்று ஒப்புக்கொள்ள மறுத்தவர். வியன்னாவுக்குத் தெற்கே 1976இல் ஒரு பெரிய ஷாப்பிங் சிட்டி திறந்தபோது, அங்கும் அது தன்னைத் துரத்தி வந்துவிட்டதாக வருந்தியிருக்கிறார்.

பிற மால்களுக்கு வெவ்வேறு முடிவு. கிளீவ்லாண்ட் அருகே ஒரு காலத்தில் உலகிலேயே பெரியதாகப் பேசப்பட்ட ராண்டல் பார்க் மால் இருந்த இடத்தில் 2018 முதல் அமேசான் கிடங்கு இயங்குகிறது. ஆஸ்டினில் ஹைலாண்ட் மால் ஒரு கல்லூரி வளாகமாகிவிட்டது. டெட்ராய்ட்டின் லேக்சைடு 2024இல் மூடியது. ட்ராயில் உள்ள பணக்கார சாமர்செட் மட்டும் நன்றாகவே ஓடுகிறது.

நார்த்லாண்டைச் சவுத்ஃபீல்ட் நகராட்சியே 24 லட்சம் டாலருக்கு வாங்கியது. பெரும்பகுதியை இடித்தார்கள். பழைய ஹட்சன்ஸ் கட்டடத்தை மட்டும் அடுக்குமாடிக் குடியிருப்பாக மாற்றத் திட்டமிட்டார்கள். குழந்தைகள் ஏறி விளையாடிய கரடியும் அதன் முதுகில் இருக்கும் பையனும் இப்போது ஊர் நூலகத்தில் இருக்கிறார்கள்.