மாவோடு கலக்கும் மண்

சேலம், நாமக்கல், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மரவள்ளி எனும் குச்சிக்கிழங்கு இறங்கும்போது தோட்டத்து மண்ணும் கூடவே இறங்குகிறது. காய்ந்த நிலத்தில் பிடுங்கிய கிழங்கைத் தட்டினாலே மண் பாதி உதிர்ந்துவிடும். மழைக்கு மறுநாள் பிடுங்கியது அப்படியில்லை. காம்பை ஒட்டிய மடிப்பிலும் ஒடிந்த முனையிலும் செம்மண் அப்பி இறுகியிருக்கும். ஜவ்வரிசியின் நிறம் கெடத் தொடங்குவது அந்த மடிப்பில்தான்.

கிழங்கை அரைத்தெடுத்த மாவுப்பாலை எப்படியும் தொட்டியில் தெளிய வைக்கத்தானே போகிறோம், மண் அங்கே பிரிந்துவிடாதா என்று கேட்கலாம். மணல் பிரியும். அரிசி களையும்போது கல் அரிப்பதும் இதே முறைதான்: கனமானது முதலில் அடியில் தங்கும். நீரில் ஒரு துகள் எவ்வளவு வேகமாக அமிழும் என்பதற்கு 1851இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் ஒரு விதி சொன்னார். துகளின் விட்டம் இரண்டு மடங்கானால் வேகம் நான்கு மடங்காகும். நீரைவிட அடர்த்தி கூடக் கூட வேகமும் கூடும். கிழங்கு மாவுத் துகளின் சராசரி அளவு ஏறத்தாழ 15 மைக்ரான். அடர்த்தி நீரைப்போல ஒன்றரை மடங்கு. மணலின் அடர்த்தி 2.65 மடங்கு. ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியில், பத்தில் ஒரு மில்லிமீட்டர் பருமனுள்ள மணல் சுமார் இரண்டு நிமிடத்தில் அடியைத் தொடும். மாவுக்கு நான்கு மணி நேரமாவது ஆகும். இத்தனை இடைவெளி இருந்தால் மணலைப் பிரிப்பது எளிது. மாவுப்பாலைக் கூம்பு வடிவச் சைக்ளோனில் சுழலவிட்டால், மணல் ஓரத்துக்கு ஒதுங்கிக் கீழ்வாய் வழியே வெளியேறிவிடும்.

வண்டல்தான் வில்லங்கம். எட்டு மைக்ரான் வண்டல் துகளை எடுத்துக்கொள்ளுங்கள். மாவைவிட அடர்த்தி கூடுதல், ஆனால் விட்டத்தில் ஏறத்தாழ பாதிதான். அதே விதிப்படி கணக்குப் போட்டால், இரண்டும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் அமிழ்கின்றன! தொட்டியில் சேர்ந்தே படியும், சைக்ளோனில் சேர்ந்தே போகும், சல்லடைக் கண்ணிலும் சேர்ந்தே நுழையும். அதைவிட நுண்ணிய களிமண் கடைசிவரை மிதந்து மேலே படிகிறது. படிந்த மாவுக்கட்டியை வெட்டிப் பார்த்தால் அடியில் மெல்லிய மணல் கோடு, நடுவில் வெள்ளை மாவு, மேலே வழவழப்பான மங்கிய படலம் தெரியும். மேற்படலத்தைச் சுரண்டி எறியலாம், அடிமணலை ஒதுக்கலாம். நடுவில் கலந்த வண்டலை என்ன செய்வது? மாவை எரித்துச் சாம்பலாக்கி, அதை அமிலத்தில் கரைத்துப் பார்க்கும் சோதனையில் கரையாமல் மிஞ்சுகிறதே, அதில் பெரும்பங்கு இந்த மண்ணும் மணலும்தான்.

ஆகவே அரைப்பதற்கு முன்பே, கிழங்கின் மேல் இருக்கும்போதே மண்ணைக் கழற்றிவிட வேண்டும். முதலில் ஊறல். களிமண் நீர் குடித்து உப்பினால்தான் பிடி விடும். ஊறாத கிழங்கின் மேல் எவ்வளவு தண்ணீர் பீய்ச்சினாலும் மடிப்பு மண் அசையாது. பிறகு துளையிட்ட உருளையிலோ துடுப்பு சுழலும் தொட்டியிலோ கிழங்கோடு கிழங்கு உரச வேண்டும். அழுக்கை எடுப்பது பெரும்பாலும் அந்த உரசல்தான். கற்கள் விழுவதற்கு அடியில் ஒரு குழி வேண்டும். காம்பை நறுக்கி, பழுப்பு மேல்தோலைச் சீவினால் மிச்ச மண்ணும் போய்விடும். தப்பிய மணல் அரவை உருளையின் பற்களைத் தேய்க்கும். பல் மழுங்கினால் கிழங்கு சரியாக அரைபடாது. எடுக்க வேண்டிய மாவு, சக்கையான திப்பியோடு மாட்டுத் தீவனத்துக்குப் போகும்.

கழுவுவதிலும் சீவுவதிலும் மிச்சம் பிடித்துவிட்டு, மங்கிய மாவைப் பிறகு ரசாயனம் போட்டு வெளுப்பது பெருந்தவறு. நிறம் மாறும், மண் அப்படியே இருக்கும். ரசாயனம் வேறு உணவில் சேரும். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊர்களில் இப்படிக் குறுக்குவழி தேடுவதற்குக் காரணம் புரிகிறது. அதற்கு வேறு வழி உண்டு. நல்ல தண்ணீரைக் கடைசி அலசலுக்கு மட்டும் விட வேண்டும். அங்கிருந்து வழியும் நீர் நடுத்தொட்டிக்கும், அதிலிருந்து முதல் ஊறலுக்கும் போகட்டும். கிழங்கு முன்னே நகர, நீர் பின்னே வர, குறைந்த தண்ணீரிலேயே கிழங்கு சுத்தமாகும். முதல் தொட்டியின் அடிச்சேற்றை மட்டும் தவறாமல் வாரிக்கொண்டே இருக்க வேண்டும்.