பழைய அம்பாசிடருக்குப் புதுவாழ்வு: சிக்கனச் சீரமைப்பின் வரிசைமுறை

நம் நாட்டுச் சாலைகளில் நெடுங்காலம் கோலோச்சிய மகிழுந்து அம்பாசிடர். இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசை ஊர்தியை அடிப்படையாகக் கொண்டு, மேற்கு வங்க மாநிலம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957-இல் இதனை உருவாக்கத் தொடங்கியது. 2014 மே மாதத்தில் அவ்வாலையின் இயக்கம் நின்றது. அமைச்சரும் ஆட்சியரும் ஏறிச் சென்ற ஊர்தி அது. மணமகனை ஊர்வலமாக அழைத்துச் சென்றதும், நோயாளியை நள்ளிரவில் மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்ததும் அதுவே. இன்று அது பல ஊர்களில் வேப்பமரத்தடியிலும் தென்னங்கொட்டகையிலும் டயர் தரையில் பதிய நின்றுகொண்டிருக்கிறது.

அத்தகைய ஊர்தியை மலிவாக வாங்கி, மீண்டும் ஓடச்செய்ய வேண்டும் என்னும் ஆர்வம் இளைஞர் பலரிடம் காணப்படுகிறது. ஆனால் தொடங்கப்பட்ட முயற்சிகள் யாவும் நிறைவெய்துவதில்லை. இயந்திரம் ஒரு மூலையிலும் கதவுகள் மற்றொரு மூலையிலும் கிடக்க, பாதியில் கைவிடப்பட்டு, இறுதியில் பழைய இரும்பு விலைக்குப் போகும் ஊர்திகள் பல. பணமின்மையே இதற்குக் காரணம் எனப் பொதுவாகக் கூறுவர். நம் கருத்து வேறு. குறைந்த பொருளைக் கொண்டு பழைய ஊர்தியை மீட்பதற்குத் துணைநிற்பது பணத்தின் அளவைக் காட்டிலும் செலவின் வரிசையே ஆகும். அவ்வரிசை இன்னதென விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாங்குமுன் ஆய்வு

முதலில் பார்க்க வேண்டியது தாள்களையே. ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஊர்தியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒத்திருத்தல் வேண்டும். தனியார் மகிழுந்தின் பதிவு முதலில் பதினைந்து ஆண்டுகளுக்கும், பின்னர் புதுப்பிக்குந்தோறும் ஐந்து ஆண்டுகளுக்கும் செல்லும். புதுப்பித்தல் விடுபட்டுள்ளதா, வரி நிலுவை உள்ளதா, கடன் அடமானக் குறிப்பு நீக்கப்பட்டுள்ளதா என்பவற்றை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் உறுதிசெய்த பின்னரே முன்பணம் தருதல் தகும். தாள் இல்லாத ஊர்தி எவ்வளவு மலிவாயினும் விலை மிகுந்ததே.

அடுத்துப் பார்க்க வேண்டியது உடற்கூடு. அம்பாசிடருக்குத் தனியான சட்டகம் கிடையாது. தகட்டு உடலே சட்டகமாகவும் அமைந்து பாரம் தாங்குகிறது. ஆகவே கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கப் பெட்டிகள், தரைத் தகடு, பின்புறப் பட்டைவில் மாட்டப்படும் இடங்கள் ஆகியவை துருப்பிடித்திருப்பின், அது தோலில் வந்த புண் அன்று. எலும்பில் வந்த நோய். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின் மேல் நகர்த்தினால், தடித்த பட்டி பூசி மறைத்த இடங்களில் அது ஒட்டாமல் நழுவும். அடிப்புறத்தில் திருப்புளி முனையால் அழுத்தினால் உளுத்த தகடு உள்வாங்கும். கடற்கரை ஊர்களில் நின்ற ஊர்திகளில் இவ்வாய்வு இன்றியமையாதது. விற்கும் பொருளின் குறையை மறையாது கூறுதல் நம் மார்க்கம் வணிகர்க்கு வகுத்த கடமை. எனினும் வாங்குவோன் தன் கண்ணைத் திறந்து வைத்திருப்பதும் கடமையே.

பத்துப் பங்குக் கணக்கு

ஊர்தியை வாங்கிய பின் கையில் எஞ்சிய தொகையைப் பத்துப் பங்காகப் பிரித்துக்கொள்ளுதல் நலம். பிரேக், ஸ்டீயரிங், டயர் ஆகியவற்றிற்கு மூன்று பங்கு, உடற்கூட்டின் துருநீக்கத்திற்கு இரண்டு, இயந்திரத்திற்கும் குளிர்விப்பிற்கும் இரண்டு, மின்னமைப்பிற்கு ஒன்று, எதிர்பாராச் செலவிற்கு இரண்டு. வண்ணப்பூச்சிற்கு இதில் பங்கில்லை என்பதை வாசகர் கவனித்திருப்பர். அது வேண்டுமென்றே விடப்பட்டது. ஓடும் ஊர்திக்கு அடுத்த ஆண்டு வண்ணம் பூசலாம். வண்ணம் பூசிய ஓடாத ஊர்தியோ காட்சிப்பொருளாகவே நிற்கும். இவ்வரிசையை மீறி, வட்டிக்குக் கடன் வாங்கி மின்னும் சக்கரங்களும் ஒலிபெருக்கியும் பொருத்துவோர் ஆர்வத்தால் ‘இஸ்ராஃப்’ என்னும் வீண்விரயத்திற்கு ஆளாகின்றனர்.

இதனோடு மற்றொரு விதியும் உண்டு. ஊர்தி முழுவதையும் ஒரே நேரத்தில் பிரித்தல் கூடாது. ஒரு பகுதியைப் பிரித்து, செம்மைசெய்து, மீண்டும் பூட்டிய பின்னரே அடுத்த பகுதியைத் தொடவேண்டும். கழற்றிய ஆணிகளையும் நட்டுகளையும் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயரெழுதி வைத்தல் வேண்டும். இவ்விதி காசு கேட்பதில்லை. ஆனால் பெருஞ்செலவைத் தடுக்கிறது.

நிறுத்தமே முதல்

ஓடாத ஊர்தியால் எவர்க்கும் தீங்கில்லை; நில்லாத ஊர்தியால் எல்லோர்க்கும் தீங்கு. ஆகவே முதற்பணி பிரேக்கில் தொடங்குதல் வேண்டும். பழைய அம்பாசிடரில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே உள்ளன. பல ஆண்டுகள் நின்ற ஊர்தியில் மாஸ்டர் சிலிண்டரிலும் வீல் சிலிண்டர்களிலும் உள்ள ரப்பர்கள் இறுகிப் போயிருக்கும். பிரேக் திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது, ஈரம் கலந்த திரவத்தின் கொதிநிலை தாழும், உட்சுவர்களும் அரிக்கப்படும். எனவே ரப்பர்கள், வளையும் குழாய்கள், திரவம் ஆகிய மூன்றையும் முழுமையாக மாற்றுதல் வேண்டும். அவசரத்திற்கு என்ஜின் எண்ணெயை ஊற்றுதல் ரப்பரை உப்பச்செய்து பிரேக்கையே செயலிழக்கச் செய்யும். புதுப்பேட்டை போன்ற பழைய பாகச் சந்தைகளில் கதவு, விளக்குக் கூடு, கைப்பிடி முதலியவற்றை வாங்கலாம். பிரேக் ரப்பர்களையும் குழாய்களையும் பழையதாக வாங்குதல் கூடாது. சிக்கனத்திற்கும் கஞ்சத்தனத்திற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் விளங்கும்.

டயரின் பட்டை ஆழமாக இருப்பது மட்டும் போதாது. அதன் வயதும் கருதத்தக்கது. டயரின் பக்கச் சுவரில் உள்ள இறுதி நான்கு இலக்கங்கள் உற்பத்தி செய்யப்பட்ட வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 1523 எனில் 2023-ஆம் ஆண்டின் 15-ஆவது வாரம் எனக் கொள்க. வெயிலில் நின்று வெடிப்புக் கண்ட டயர், தேயாததாயினும், கழிக்கத்தக்கதே. ஸ்டீயரிங் இணைப்பு முனைகளின் ஆட்டத்தையும் இப்போதே நீக்கிவிட வேண்டும்.

இயந்திரத்தின் நாடி

பரவலாகக் காணப்படும் பெட்ரோல் அம்பாசிடரின் இயந்திரம் 1489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு உடையது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசையைச் சேர்ந்தது. எளிய அமைப்பும் தாங்கும் வலிமையும் இதன் சிறப்புகள். எனவே இதனை ‘திறந்து பார்ப்போம்’ என உடனே பிரித்தல் வேண்டா. மருத்துவர் நாடி பார்ப்பது போல, முதலில் அழுத்தச் சோதனை செய்க. நான்கு பிளக்குகளையும் கழற்றி, பற்றவைப்பு மின்சாரத்தைத் துண்டித்து, ஆக்சிலரேட்டரை முழுதும் அழுத்தியபடி செல்ஃப் சுழற்றி, ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளவியில் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கும் ஏறத்தாழ ஒத்திருப்பின் இயந்திரம் நலமே. ஒன்று மட்டும் தாழ்ந்திருப்பின், அதில் ஒரு கரண்டி என்ஜின் எண்ணெய் விட்டு மீண்டும் அளக்க வேண்டும். அளவு உயர்ந்தால் பிஸ்டன் ரிங்குகளோ சிலிண்டர் சுவரோ தேய்ந்துள்ளன. உயராவிடில் குறை வால்வுகளில் அல்லது கேஸ்கெட்டில் உள்ளது. வால்வுக் குறைக்குத் தலைப்பகுதியை மட்டும் கழற்றினால் போதும். லேத் பட்டறையில் ரீபோர் செய்து புதிய பிஸ்டன் போடும் பெருஞ்செலவு தேவையில்லை. ஒரு சோதனை இவ்வாறு பல ஆயிரங்களைக் காக்கிறது.

எரிபொருள் மாற்றமும் பழைய ஊர்தியும்

இவ்வியந்திரம் வடிவமைக்கப்பட்ட காலத்தில் பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்திருந்தது. அவ்வீயம் வால்வுகள் அமரும் இருக்கைகளைத் தேயாமல் காத்தது. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமில்லாப் பெட்ரோலே வழங்கப்படுகிறது. இது மக்கள் நலத்திற்கு மிகவும் ஏற்ற மாற்றம். பழைய இயந்திரத்திற்கோ சிறு சோதனை. டேப்பெட் இடைவெளி அடிக்கடி குறைந்துகொண்டே வருமாயின் வால்வு இருக்கை தேய்கிறது என அறியலாம். எக்காரணம் பற்றியேனும் தலைப்பகுதியைக் கழற்றும்போது கடினமாக்கிய இருக்கை வளையங்களைப் பொருத்திக்கொண்டால் இக்கவலை நீங்கும்.

இரண்டாவது சோதனை எத்தனால். 2025-இல் இருபது விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவலாயிற்று. எத்தனால் பழைய வகை ரப்பரை உப்பச்செய்து வெடிக்கவைக்கும். ஈரத்தை ஈர்த்துத் தொட்டியில் துரு ஏற்றும். தொட்டியில் படிந்த அழுக்கைக் கரைத்து வடிகட்டியை அடைக்கும். ஆகவே பெட்ரோல் குழாய்கள், பம்ப்பின் சவ்வு, கார்புரேட்டரின் வாஷர்கள் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றுதல் வேண்டும். வெடித்த பெட்ரோல் குழாய் சூடான இயந்திரத்தின்மேல் கசிவது தீவிபத்துக்கு வழியாகும். இச்செலவு சிறிது, தவிர்த்தால் விளையும் கேடு பெரிது.

மீட்டலும் மாற்றலும்

பழைய நிலைக்கு மீட்பதா, புதிய வசதிகளைச் சேர்த்து மாற்றுவதா என்னும் வினா எழும். தமிழ்த்துறை சார்ந்த நமக்கு இவ்விடத்தில் சுவடிப் பதிப்பு நினைவுக்கு வருகிறது. நல்ல பதிப்பாசிரியர் தமக்குப் பிடித்த பாடத்தை வைத்துக்கொண்டு ஏனையவற்றை அழிப்பதில்லை. பாடவேறுபாடுகளை அடிக்குறிப்பில் காத்து வைக்கிறார். உ.வே. சாமிநாதையர் பதிப்புகளின் பெருமைக்கு அதுவும் ஒரு காரணம். பின்வருவோர் மூலத்தை மீண்டும் காண அது வழிவிடுகிறது. ஊர்தியிலும் இந்நெறியே பொருந்தும். மீண்டும் பழைய நிலைக்குத் திருப்பத்தக்க மாற்றங்களைத் தயங்காது செய்யலாம். கழற்றிய மூலப்பாகத்தைப் பெட்டியிலிட்டுக் காத்தல் வேண்டும்.

டைனமோவுக்கு மாற்றாக ஆல்டர்னேட்டர், பாயிண்ட்டுக்கு மாற்றாக மின்னணுப் பற்றவைப்பு, தலைவிளக்குகளுக்கு ரிலே, கூடுதல் பியூஸ்கள், இருக்கைப் பட்டை ஆகியவை இத்தகையன, செலவும் மிகுதியன்று. இருக்கைப் பட்டையை வெறுந்தகட்டில் முடுக்கினால் மோதலின்போது பிய்த்துக்கொண்டு வரும். அடியில் தடித்த இரும்புத் தகடு வைத்தே பொருத்துதல் வேண்டும். இதற்கு மாறாக, உடலை வெட்டுதல், வில்லைச் சூடாக்கித் தாழ்த்துதல், அளவுக்கு மீறிய அகலச் சக்கரம் பூட்டுதல் முதலியன திருப்ப முடியாத மாற்றங்கள். சூடேற்றிய வில் தன் உறுதியை இழக்கும். அகன்ற சக்கரம் ஸ்டீயரிங்கையும் பேரிங்கையும் வருத்தும்.

சட்டத்தின் எல்லை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த மூல விவரங்களினின்று மாறுபடும் வகையில் ஊர்தியை மாற்றுதல் கூடாது என விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. இயந்திரத்தை மாற்றுவதாயின் பதிவு அலுவலரின் ஒப்புதல் பெறுதல் இன்றியமையாதது. ஒப்புதலின்றிச் செய்த மாற்றம் விபத்துக் காலத்தில் காப்பீட்டுச் சிக்கலாகவும் உருவெடுக்கலாம்.

மற்றொன்றும் அறியத்தக்கது. முதற்பதிவு பெற்று ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, மூல வடிவிலேயே பேணப்படும் ஊர்திகளுக்குப் பழம்பெரும் ஊர்தி என்னும் தனிப்பதிவு வழங்க 2021-இல் விதிகள் வகுக்கப்பட்டன. அவ்வாறு பதிவு பெற்றவற்றை அன்றாடப் பயணத்திற்குப் பயன்படுத்த இயலாது. காட்சிக்கும் அணிவகுப்புக்கும் கொண்டு செல்லலாம். இன்று நாம் அவசரத்தில் வெட்டியெறியும் ஒரு தகடு, நாளை அத்தகுதியை நம் ஊர்திக்கு இல்லாமற் செய்துவிடக்கூடும்.

நிறைவாக

தாள், நிறுத்தம், உடற்கூடு, இயந்திரம், மின்னமைப்பு, இறுதியில் அழகு என்னும் இவ்வரிசை எளியது. இதனைப் பின்பற்றுவோர் ஈராண்டு மூவாண்டு கழித்தேனும் தம் ஊர்தியைச் சாலையில் காண்பர். இதில் காலமும் ஒரு முதலீடே. பி-வரிசை இயந்திரத்தின் ஓசையைக் கேட்டே குறையைச் சொல்லவல்ல மூத்த மெக்கானிக்குகள் நம் ஊர்ப் பட்டறைகளில் இன்னும் சிலர் உள்ளனர். அவர்தம் அறிவு ஏட்டில் ஏறவில்லை. ஒரு பழைய ஊர்தியை அவரருகே நின்று சீர்செய்யும் மாணவன், ஊர்தியோடு அவ்வறிவையும் சேர்த்தே மீட்கிறான். நம் சமுதாயப் பெரியோர் இத்தகைய இளைஞரைக் கேலி செய்யாது ஊக்குவித்தல் வேண்டும்.

ஊர்தியில் ஏறி அமரும் தாயின் உயிரும், சாலையைக் கடக்கும் அயலான் பிள்ளையின் உயிரும் ஓட்டுபவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். பத்துப் பங்கில் மூன்றை நிறுத்தத்திற்கு ஒதுக்கியதன் காரணம் அதுவே. அவ்வமானிதத்தைப் பேணும் பொறுப்புணர்வை வல்ல இறைவன் நம் இளைஞர்க்கு அருள்வானாக.