சிவப்புக் கால்சராய்

அடர்ந்த புகை கக்கும் வெடிமருந்தைக் கொண்டு யுத்தம் நடந்த காலத்தில் படைவீரர்கள் பளிச்சென்ற வர்ணங்களில் உடுத்திக்கொண்டது வெறும் ஆடம்பரத்துக்காகத்தான் என்று எண்ணுவது பிசகு. தோளோடு தோள் உரச வரிசையில் நிற்கும் சிப்பாய்கள் இரண்டொரு தடவை சுட்டுவிட்டால் மைதானமே புகைக்குள் மூழ்கிப்போகும். மேட்டின்மேல் குதிரையில் அமர்ந்து பார்க்கும் தளபதிக்கு, தன் படை எது, சத்துருவின் படை எது என்று இனங்கண்டுகொள்ள உடுப்பின் நிறமே பெருந்துணை. அந்நாளைய துப்பாக்கியோ நூறு கஜத்துக்கு அப்பால் குறி நில்லாதது. ஆகவே கண்ணில் படுவதால் நேரும் அபாயம் சொற்பமாகவும் அனுகூலம் அதிகமாகவும் இருந்தது.

இந்த நியாயத்தின் ஆணிவேரை அறுத்தவர் ஒரு பிரெஞ்சு ரசாயன நிபுணர். 1884-இல் பால் வியேய் என்பவர் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். 1886-இல் பிரெஞ்சுப் படைக்கு வந்த லெபெல் துப்பாக்கி அதைப் பயன்படுத்தியது. இனிச் சுடுகிறவன் இருக்குமிடம் தெரியாது, எதிரே வருகிறவனோ வெகு தூரத்திலேயே குறிக்கு அகப்படுவான் என்ற நிலை வந்தது. இந்திய வடமேற்கு எல்லையில் 1840-களிலேயே காக்கியைக் கண்டிருந்த ஆங்கிலேயர் 1902-இல் தங்கள் நாட்டுப் படைக்கும் காக்கி நிறப் போருடையை விதித்தார்கள். ஜெர்மானியரும் சாம்பல் நிறத்துக்கு மாறினார்கள். மருந்தைக் கண்டுபிடித்த தேசம் மட்டும், 1829 முதல் தரித்துவந்த சிவப்புக் கால்சராயை 1914 வரையில் களைய மறுத்தது.

அந்தச் சிவப்பின் பூர்வோத்தரமும் ருசிகரமானதே. நம் நாட்டு மருந்துக் கடைகளில் மஞ்சிட்டி என்று கட்டித் தருகிறார்களே, அதன் இனத்தைச் சேர்ந்த ஒரு செடியின் வேரிலிருந்து எடுத்த சாயம் அது; தென் பிரான்ஸின் குடியானவர்கள் அதைப் பயிரிட்டுப் பிழைத்தார்கள். 1868-இல் இரண்டு ஜெர்மானிய ரசாயனிகள் அதே சாயச் சத்தைச் செயற்கையாக உண்டாக்கிவிடவே, வேர்ப் பயிர் நசித்தது. பிரெஞ்சு மானத்தின் சின்னமாகப் போற்றப்பட்ட அந்தச் சிவப்பு, கடைசியில் ஜெர்மன் தொழிற்சாலைகளிலிருந்து வரவேண்டியதாயிற்று! யுத்த மந்திரி மெஸ்ஸிமி 1911-இல் மங்கிய பச்சைச் சாம்பல் நிறத்துக்கு மாறலாம் என்று யோசனை சொன்னபோது, பத்திரிகைகள் சீறி எழுந்தன. முன்னாள் யுத்த மந்திரி எத்தியேன், சிவப்புக் கால்சராய்தான் பிரான்ஸ் என்று முழங்கியதாகச் சொல்வார்கள். உடுப்பு விஷயத்தில் மனிதருடைய அபிமானம் புத்திக்குக் கட்டுப்படுவதில்லை.

முதல் உலக யுத்தத்தில், 1914 ஆகஸ்டு 22 ஆகிய ஒரே தினத்தில் சுமார் 27,000 பிரெஞ்சு வீரர்கள் மாண்டார்கள். இந்தப் பழி முழுவதையும் கால்சராயின்மேல் சுமத்துவது நியாயமாகாது. எந்திரத் துப்பாக்கிகளுக்கும் பீரங்கிகளுக்கும் எதிரே மார்பைக் காட்டி ஓடச் சொன்ன போர்முறைதான் பிரதான காரணம். ஆனாலும் அரை மனத்தோடேனும் நிறத்தை மாற்றச் சர்க்கார் அதற்கு முந்தைய மாதமே தீர்மானித்திருந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு ஆகிய தேசியக் கொடியின் மூன்று நிற நூல்களையும் கலந்து நெய்வதென்று ஏற்பாடு. யுத்தம் மூண்டதும் ஜெர்மன் சாயம் நின்றுபோயிற்று. சிவப்பு நூலை விட்டு நெய்த துணி வெளிர்நீலமாக வந்தது. பின்னர்ப் புகழ்பெற்ற ‘அடிவான நீலம்’ இதுவே. தலைக்குத் துணித்தொப்பி போய் எஃகுக் கவசம் வந்தது 1915-இல்.

புதிய துணி எல்லோருக்கும் கிட்ட மாதங்கள் பிடித்தன. 1915 பிப்ரவரிக் குளிரில், மெல்லிய வெள்ளைத் துணிக் கால்சராயோடு பதுங்குகுழியில் இருந்த 60-ஆவது காலாட்படை வீரர் லூஸியேன் பெர்ஸோ கம்பளிக் கால்சராய் கேட்டார். உடுப்புப் பொறுப்பாளர் எடுத்துக் கொடுத்தது, இறந்த வீரர் ஒருவரிடமிருந்து கழற்றிய, இரத்தக்கறை படிந்த சிவப்புக் கால்சராய். அதை அணிய மாட்டேன் என்றார் பெர்ஸோ. முதலில் எட்டு நாள் காவல் தண்டனையோடு முடிந்த விவகாரத்தை, பிறருக்குப் பாடமாகட்டும் என்று கருதிய படைப்பிரிவுத் தலைவர் ராணுவ நீதிமன்றத்துக்கு இழுத்தார். கீழ்ப்படியாக் குற்றத்துக்காக பெர்ஸோ பிப்ரவரி 13-ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்காகப் பரிந்து பேசிய இரு தோழர்களுக்கும் தண்டனை கிடைத்தது. 1922-இல் பிரான்ஸின் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்துச் செய்தது.