பொன்னேரியா, பொன்னெரியா?

எழுத்துருவின் கதை – 9

கங்கைகொண்ட சோழபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது. கங்கைவரை சென்று வென்ற படை கொண்டுவந்த நீரின் நினைவாக ராஜேந்திர சோழன் வெட்டியது. அன்று அதற்குச் சோழகங்கம் என்று பெயர். இன்று பொன்னேரி. தமிழ் எழுத்துரு வரைகிறவர்கள் இந்தப் பெயரைத் தங்கள் மேசைக்கு எதிரே எழுதி ஒட்டிவைத்துக்கொள்ளலாம். ‘னே’யில் வரும் இரட்டைக்கொம்பின் மேல்சுழி அடைபட்டுப்போனால் பொன்னேரி பொன்னெரி ஆகிவிடும். தண்ணீர் தீயாகிவிடும்.

சோழர் காலத்துச் சிற்பிக்கு இந்தக் கவலை இருந்ததில்லை. அந்தக் காலக் கல்வெட்டுகளில் ‘கெ’யும் ‘கே’யும் ஒரே வடிவம்தான், ‘கொ’வும் ‘கோ’வும் அப்படியே. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும்கூட வேறுபாடு கிடையாது. எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி வைக்கவேண்டும் என்பது தொல்காப்பியர் காலத்து விதி. ஆனால் உளி பிடித்தவர்களும் எழுத்தாணி பிடித்தவர்களும் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டார்கள். அழுத்திக் குத்தினால் ஓலை கிழியும் என்பார்கள். காரணம் எதுவானாலும், எரியா ஏரியா, கெட்டானா கேட்டானா என்பதைப் படிப்பவர்தான் இடம் பார்த்து முடிவுசெய்ய வேண்டியிருந்தது. ஏற்கெனவே மனப்பாடமாக இருக்கும் செய்யுளைப் படிக்க அது போதும். புதிதாகத் தமிழ் கற்க வருகிறவருக்குப் போதாது.

அப்படி வந்த ஒருவர்தான் இன்றைய அரியலூர் மாவட்டத்துக்குள், கொள்ளிடத்துக்கு வடக்கே இருக்கும் ஏலாக்குறிச்சியில் தங்கினார். 1680இல் இத்தாலியில் பிறந்து, 1710இல் இந்தியா வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. நமக்கு வீரமாமுனிவர். தேம்பாவணி எழுதியவர், சதுரகராதி தொகுத்தவர் என்றே அவரைப் பள்ளியில் படித்திருக்கிறோம். எழுத்துரு வரைகிறவன் என்ற முறையில் எனக்கு அவர் வேறொரு காரணத்துக்காக முக்கியமானவர். குறில் நெடில் குழப்பத்தை அவர் தீர்த்த விதம் ஒரு தேர்ந்த வடிவமைப்பாளரின் விதம்.

குறிலுக்குப் புள்ளி என்ற பழைய விதியைத் திரும்பக் கடைப்பிடியுங்கள் என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். புள்ளி தனியாக நிற்பது. அவசரத்தில் முதலில் விடுபடுவது அதுதான். அவர் குறிலை அப்படியே விட்டுவிட்டு நெடிலில் கை வைத்தார். ஒற்றைக்கொம்பின் மேல்முனையைச் சுழித்தார், இரட்டைக்கொம்பு பிறந்தது. ‘எ’யின் காலைக் கீழே இழுத்து ‘ஏ’ ஆக்கியதையும், ‘ஒ’வின் வாலைச் சுழித்து ‘ஓ’ ஆக்கியதையும் அவர் பெயரிலேயே சொல்வது வழக்கம். எழுதும் கையை எடுக்காமல் அதே ஓட்டத்தில் போடக்கூடிய அடையாளங்கள் இவை. வேறுபாட்டைக் கோட்டுக்குள்ளேயே வைத்துவிட்டதால் மறந்துபோகவும் வழியில்லை. அச்சில் இது முழுதாக நிலைபெற 19ஆம் நூற்றாண்டு ஆனது. ஆனால் நிலைபெற்ற பிறகு யாரும் அதை மாற்ற நினைக்கவில்லை. 1978இல் தமிழக அரசு ஆணையிட்ட எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, ளை என்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அப்போதும் இரட்டைக்கொம்பு இருந்தபடியே இருந்தது.

இங்கே இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. பேச்சுத் தமிழுக்கு வீரமாமுனிவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அந்த அச்சகம் சீர்திருத்தச் சபையாருடையது. அவரோ இயேசு சபைக் குரு. சமயத்தில் இரு தரப்புக்கும் கடும் பூசல் நடந்துகொண்டிருந்த காலம் அது. தமிழுக்கு உதவும் புத்தகம் என்பதால் எதிரணியின் ஈய எழுத்தில் ஏறியது.

இனி கணினிக்கு வருவோம். எழுத்துருக் கோப்பில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு சதுரம் உண்டு. அதன் உயரத்தைப் பொதுவாக 1000 அலகாகப் பிரித்துக்கொள்வோம். அந்த எழுத்துருவைத் திரையில் 16 பிக்சல் அளவில் காட்டினால் ஒரு பிக்சலுக்குள் சுமார் 62 அலகு அடங்கும். இரட்டைக்கொம்பின் மேல்சுழிக்குள் நான் 40 அலகு வெற்றிடம் விட்டிருந்தால் அது ஒரு பிக்சல்கூட இல்லை. சாம்பல் பூசியதுபோல் மங்கிவிடும். பெரிய திரையில் பார்த்து வரையும்போது அழகாக இருந்த சுழி, விலை குறைந்த கைபேசியில் செய்தி படிக்கும் பாட்டிக்கு ஒரு பொட்டாகத்தான் தெரியும்.

மெல்லிய எழுத்தில் சமாளித்துவிடலாம். தடித்த எழுத்தில்தான் சோதனை. கோட்டை இருபுறமும் சமமாகப் பருக்கவைத்தால் சுழிகளெல்லாம் மூடிக்கொள்ளும். கொம்பைச் சற்று அகலமாக்க வேண்டும். சுழிக்குள் நுழையும் இடத்தில் கோட்டை மெலிய விடவேண்டும். மேல்சுழியைக் கீழ்ச்சுழியைவிடக் கொஞ்சம் பெரிதாக்கவும் வேண்டியிருக்கும். அளவுகோல் வைத்துப் பார்த்தால் இது பிழைபோலத் தோன்றும். கண்ணுக்குச் சரியாக இருக்கும். மெல்லியது ஒன்றும் தடித்தது ஒன்றுமாக இரண்டு முனைகளை மட்டும் கையால் வரைந்துவிட்டு, நடுவில் உள்ள தடிமன்களைக் கணினியையே கணக்கிடச் சொல்வது இன்றைய வழக்கம். அதற்கு இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு எழுத்திலும் புள்ளிகளின் எண்ணிக்கையும் வரிசையும் ஒன்றாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் நடுவில் பிறக்கும் சுழி முறுக்கிக்கொள்ளும்.

தமிழில் 247 எழுத்து இருந்தாலும் அத்தனையையும் தனித்தனியே வரையவேண்டியதில்லை. கொம்பும் துணைக்காலும் ஒருமுறை வரைந்தால் போதும். ஆனால் கு, சு, நு, மு, ணூ என்று உகர ஊகார வரிசையின் 36 எழுத்துகளும் தனித்தனி வடிவங்கள். கொக்கி ஒட்டும் இடம் மாறுவதால் கி, ணி, டி போன்றவற்றையும் தனியாக வரைவதே நல்லது. புள்ளி வைத்த மெய்களையும் கிரந்த எழுத்துகளையும் சேர்த்தால் 150ஐ ஒட்டி வரும். புதிதாக ஓர் எழுத்துரு கையில் கிடைத்தால் நான் முதலில் தட்டிப் பார்ப்பது எரி, ஏரி, பெறு, பேறு, கொடு, கோடு என்ற வரிசைதான். அது தேறாவிட்டால் மற்ற அழகுகளைப் பார்ப்பதே இல்லை.

சில மாதங்களுக்கு முன் பெரம்பலூரில் ஒரு ப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தேன். காதணி விழா பேனர் தயாராகிக்கொண்டிருந்தது. வடிவமைத்த இளைஞர் கோரல் ட்ராவில் ஊர்ப்பெயரை அடித்தார்: வேப்பூர். அகலத்தை நிரப்ப எழுத்தை இழுத்தார். பிறகு வெள்ளை ஓரக்கோடு, அதற்குமேல் சிவப்பு ஓரக்கோடு. கொம்பின் மேல்சுழி காணாமல்போனது.

“தம்பி, இது வெப்பூர்னு தெரியுதே.”

“ஆமாண்ணே. ஆனா இந்த ஃபாண்ட்லதான் எழுத்து தடியா நிக்குது. வேறென்ன இருக்கு?”

அவர் மேல் குற்றமில்லை. அந்தக் கடையில் இருந்தவை எல்லாம் ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துருக்கள். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்காரவைத்தவை. எழுத்துருவை மாற்றினால் வேப்பூர் ஆங்கிலக் கிறுக்கலாகிவிடும். ஒருங்குறியில் ‘வே’ என்பது ‘வ’வும் இரட்டைக்கொம்பும், கொம்பு பின்னால் சேமிக்கப்பட்டாலும் முன்னால் கொண்டுவந்து காட்டுவது கணினியின் வேலை. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. அலுவலகக் கோப்புகளில் அது வந்துவிட்டது. வீதிக்கு இன்னும் முழுதாக வரவில்லை.

வேறென்ன இருக்கு என்ற அவருடைய கேள்வி நியாயமானது. பதில் இருக்கிறது. பிரியா ரவிச்சந்திரன் வரைந்த கேட்டமரன் 9 தடிமன்களில் கிடைக்கிறது. எக் டைப் குழுவின் முக்த மலரும் பலூ தம்பியும் இருக்கின்றன. இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த கவிவனார் கையெழுத்தின் சாய்வோடு வருகிறது. எல்லாம் இலவசம், எல்லாம் ஒருங்குறி. பலூ தம்பியை அன்றே அந்தக் கடைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தேன். கொழுகொழுவென்று தடித்திருந்தும் வேப்பூர் வேப்பூராகவே நின்றது.

ஆனாலும் போதாது. புத்தகம் ஒன்றை முழுக்கக் கோக்கத் தகுந்த, பழைய ஈய எழுத்தின் மெலிவும் தடிப்பும் கொண்ட எழுத்துருக்கள் தமிழில் மிகக் குறைவு. வேப்பந்தட்டை, செந்துறைப் பக்கம் டீக்கடைகளிலும் உரக்கடைகளிலும் தூரிகையால் எழுதிய பெயர்ப்பலகைகள் இன்னும் சில மிச்சமிருக்கின்றன. தட்டைத் தூரிகை தானாகத் திரும்பும் இடங்களில் சுழி எவ்வளவு திறந்து நிற்கிறது என்று பார்க்கவேண்டும். தும்பிக்கை போட்ட பழைய ‘லை’யும் அவற்றில் உண்டு. இந்தக் கைகளிலிருந்து இதுவரை ஓர் எழுத்துருவும் வரைந்து நான் பார்க்கவில்லை. ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற மென்பொருள் இலவசம். சாதாரணக் கணினியே போதும். பெரம்பலூர், அரியலூர் கல்லூரிகளில் படிக்கும் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால் ஒரு வருடத்தில் முடிக்கக்கூடிய வேலை.

அதற்கு முன் பலகைகள் இருக்கவேண்டும். உங்கள் தெருவில் அப்படி ஒன்று இருந்தால், பொங்கலுக்கு வெள்ளையடிப்பதற்குள் வெயில் சாய்வாக விழாத நேரமாகப் பார்த்து, நேராக நின்று ஒரு படம் எடுத்துவையுங்கள். எழுதியவர் பெயர் மூலையில் இருக்கும், அதையும் விட்டுவிடாதீர்கள்.